விளக்கும் நெய்யும்

சில மாதங்களுக்கு முன் ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் நடந்த திறப்பு விழாவுக்கு நாம் போயிருந்தோம். பட்டணத்துக்குப் போய்ப் பெரும் பொருள் ஈட்டிய ஒரு கனவான், பிறந்த ஊரை மறவாமல் இரண்டு வகுப்பறைகள் கட்டிக் கொடுத்திருந்தார். வாழை மரமும் மாவிலைத் தோரணமும் கட்டியிருந்தார்கள். நாதஸ்வரம் முழங்கிற்று. பிரமுகர்கள் பேசினார்கள், முதலில் பேசியவர் சொன்னதையே பின்னால் வந்தவர்களும் சற்று விஸ்தாரமாகச் சொன்னார்கள். மாலைகளின் பாரத்தால் கொடையாளருக்குத் தலையை நிமிர்த்துவதே கஷ்டமாயிருந்தது. புதுச் சுவரில் பளபளவென்று ஒரு கருங்கல். அதில் அவர் பெயரும், அவருடைய தந்தையார் பெயரும், வந்திருந்த பிரமுகர்கள் அத்தனை பேருடைய பெயர்களும் பொன் எழுத்தில் மின்னின.

அந்தக் கல்லை நாம் பரிகாசம் செய்யவில்லை. கும்பகோணத்தில் 2004-ஆம் வருஷம் ஜூலை மாதம் 16-ஆம் தேதி பள்ளிக்கூடத்துக் கீற்றுக் கூரையில் தீப்பிடித்து 94 குழந்தைகள் மாண்டதைத் தமிழ்நாடு மறக்க முடியாது. ஏழைக் குழந்தைகளின் தலைக்குமேல் பத்திரமான கூரை ஒன்றைப் போட்டுக் கொடுப்பவர், தம் பெயரைக் கல்லில் வெட்டிக்கொள்ளட்டும், பேஷாக வெட்டிக்கொள்ளட்டும்.

விழா முடிந்து, பிரமுகர்கள் சிற்றுண்டிக்குப் போன சமயத்தில், நம்முடன் வந்திருந்த நம் இல்லத்தரசி தலைமை உபாத்தியாயினியைத் தனியே அழைத்து மெதுவாக ஒரு கேள்வி கேட்டாள். அந்த அம்மாளின் முகம் சற்று வாடிற்று. பேசாமல் கட்டடத்தின் பின்புறம் அழைத்துக்கொண்டு போனார். அங்கே சிறிய கட்டடம் ஒன்று இருந்தது. சுவரில் அதைக் கட்டிக் கொடுத்த கம்பெனியின் பெயர், வர்ணம் பாதி உதிர்ந்து தெரிந்தது. கதவில் பெரிய பூட்டு தொங்கிற்று.

"கட்டிக் கொடுத்து நாலு வருஷம் ஆயிற்று, அம்மா. ஆறு மாதம் நன்றாகத்தான் இருந்தது. அப்புறம் மோட்டார் கெட்டுப்போய்த் தொட்டியில் தண்ணீர் ஏறவில்லை. கழுவ ஆள் வைக்கப் பணம் இல்லை. நாற்றம் தாங்காமல் பூட்டி விட்டோம்."

"அப்படியானால் பெண் குழந்தைகள் என்ன செய்கிறார்கள்?"

"காலையில் வீட்டைவிட்டுக் கிளம்பினால் சாயங்காலம் வரையில் தண்ணீர் குடிப்பதில்லை, அம்மா. சித்திரை வெயிலிலும் அப்படித்தான். பெரிய பெண்கள் மாதத்தில் மூன்று நாள் வருவதில்லை. சில பேர் நாலாவது நாளும் வருவதில்லை. அப்படியே நின்று விடுகிறார்கள்."

தாகத்தை அடக்கிக்கொண்டு ஒரு குழந்தை எப்படிக் கணக்குப் போடும்? மூன்று நாள் பாடத்தை விட்டவள் நாலாம் நாள் என்ன முகத்துடன் வகுப்பில் போய் உட்காருவாள்? புதுக் கட்டடத்தில் நாதஸ்வரம் வாசித்த அதே நாளில், அந்தப் பூட்டிய கதவுக்கு முன்னால் நமக்குத் தோன்றிய கேள்விகள் இவை.

* * *

'குடும்பத்தோடு படிக்கும் பத்திரிகையில் கக்கூஸைப் பற்றியா எழுதுவது?' என்று நேயர்களில் சிலர் முகம் சுளிக்கக்கூடும். முகம் சுளிக்க வேண்டியதுதான்; ஆனால் நம் எழுத்தைப் பார்த்து அல்ல.

அந்தக் கிராமத்தின் கதை ஓர் ஊரின் கதையாக மட்டும் இருந்தால் நாம் எழுதியிருக்கமாட்டோம். 2009-ஆம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் முதல் தேதி அமலுக்கு வந்தது. ஒவ்வொரு பள்ளிக்கூடத்திலும் உபாத்தியாயர் ஒருவருக்கு ஒரு வகுப்பறையாவது இருக்க வேண்டும், ஆண் பிள்ளைகளுக்கும் பெண் பிள்ளைகளுக்கும் தனித்தனிக் கழிப்பறை வேண்டும், நல்ல குடிதண்ணீர் வேண்டும் என்றெல்லாம் அதில் எழுதியிருக்கிறது. 2014-ஆம் வருஷம் முதற்கொண்டு சர்க்காருக்குச் சொந்தமான கம்பெனிகள் பள்ளிக்கூடங்களில் ஒரு லக்ஷத்துக்கும் அதிகமான கழிப்பறைகளைக் கட்டின. தலைமைக் கணக்குத் தணிக்கை அதிகாரியின் ஆட்கள் 15 மாநிலங்களில் அவற்றுள் 2,695 கழிப்பறைகளை நேரில் போய்ப் பார்த்தார்கள். அவர்களுடைய அறிக்கை 2020-ஆம் வருஷம் பார்லிமெண்டில் வைக்கப்பட்டது. அவற்றில் 200 கழிப்பறைகள் கணக்கில் கட்டப்பட்டிருந்தன, தரையில் இல்லை. இது ஒரு மாதிரி ஊழல். ஆனால் நம் மனத்தை அதிகமாக உறுத்தியது இதுவன்று. உண்மையாகவே கட்டி முடித்திருந்த கழிப்பறைகளில், நூற்றுக்கு 72-இல் குழாய்த் தண்ணீர் இல்லை. நூற்றுக்கு 55-இல் கை கழுவ வசதி இல்லை. செங்கல் இருந்தது, கதவு இருந்தது, வர்ணம் இருந்தது, தண்ணீர்தான் இல்லை.

இதற்கெல்லாம் காரணம் கொடையாளர்களின் கருமித்தனம் என்று சொல்ல முடியாது. நாம் தர்மம் செய்யும் முறையில்தான் ஒரு கோளாறு இருக்கிறது. கட்டடம் எழும்பியதும் தர்மம் பூர்த்தியாகிவிட்டதாக நினைக்கிறோம்.

நம் முன்னோர்கள் அப்படி நினைக்கவில்லை. சோழர் காலத்துக் கோயில்களில் நந்தா விளக்குக்கு எழுதி வைத்த தர்மங்களைக் கல்வெட்டுக்களில் ஏராளமாகக் காணலாம். விளக்கு ஒன்றைக் கொண்டுவந்து மாட்டிவிட்டுக் கொடையாளர் வீட்டுக்குப் போய்விடவில்லை. அந்த விளக்கு அணையாமல் எரிவதற்கு நெய் வேண்டுமே! அதற்காக 96 ஆடுகளையும் கூடவே கொடுத்தார். ஆடுகளை வளர்த்து நாள்தோறும் இவ்வளவு நெய் அளக்க வேண்டியவர் இன்னார் என்பதையும் கல்லில் வெட்டினார். 'சாவா மூவாப் பேராடு' என்று அந்த ஆடுகளுக்குப் பெயர். மந்தையில் கிழடு தட்டியதும் செத்ததும் போகப் புதிய குட்டிகள் வந்து சேர்வதால், எண்ணிக்கை என்றும் குறையாது என்பது கருத்து. ஆயிரம் வருஷத்துக்கு முந்திய கல்லில் விளக்கும் இருக்கிறது, நெய்யும் இருக்கிறது. நம் காலத்துக் கருங்கல்லிலோ விளக்கு மட்டுந்தான்.

* * *

நெய் என்று நாம் சொல்வது பணத்தை மட்டும் அல்ல. ஊராருடைய கையும் மனமும் கலந்தால்தான் அது நெய்.

காந்தி மகாத்மா 1917-ஆம் வருஷத்தில் பீகாரில் உள்ள சம்பாரண் ஜில்லாவுக்குப் போனது அவுரித் தோட்டக் குடியானவர்களின் கஷ்டத்தைத் தீர்ப்பதற்காக. ஆனால் அறியாமையும் அசுத்தமும் இருக்கும் வரையில் அவர்கள் கஷ்டம் நிரந்தரமாகத் தீராது என்று கண்டு, அங்கே கிராமப் பள்ளிக்கூடங்களைத் திறந்தார். கிராமத்தாருக்கு அவர் ஒரு நிபந்தனை விதித்தார்: உபாத்தியாயர்களுக்கு இருக்க இடமும் உண்ண உணவும் ஊரார்தான் கொடுக்க வேண்டும். ரொக்கம் இல்லாத அந்த ஏழைகள் தானியம் கொடுக்க முன்வந்தார்கள். பாடம் சொல்லிக் கொடுக்க வந்த தொண்டர்களோ தெருவைப் பெருக்கினார்கள்; கிணறுகளைச் சுத்தம் செய்தார்கள்; கிணற்றோரத்துக் குட்டைகளைத் தூர்த்தார்கள். பள்ளிக்கூடமும் சுகாதாரமும் அங்கே ஒரே காரியமாக நடந்தன.

பீதிஹர்வா என்ற கிராமத்தில் மூங்கிலாலும் புல்லாலும் போட்டிருந்த பள்ளிக்கூடக் குடிசை ஒரு நாள் இரவு எரிந்து போயிற்று. அந்தப் பள்ளிக்கூடம் ஸ்ரீ சோமன் என்பவர் பொறுப்பிலும் கஸ்தூரிபாய் அம்மையார் பொறுப்பிலும் இருந்தது. சோமன் மறுபடியும் குடிசை போடவில்லை. செங்கல் கட்டடமே எழுப்பத் துணிந்தார். அவர் உழைப்பதைப் பார்த்து ஊராரும் கூடச் சேர்ந்து உழைத்ததால், சீக்கிரத்திலேயே கட்டடம் எழும்பிவிட்டது.

அதே வட்டாரத்தில் நடந்த இன்னொரு சம்பவத்தையும் மகாத்மா தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். பெண்கள் ஏன் அழுக்குச் சேலையுடன் இருக்கிறார்கள் என்று விசாரிக்கும்படி கஸ்தூரிபாயிடம் சொன்னார். அம்மையார் கேட்டபோது ஒரு பெண் அவரைத் தன் குடிசைக்குள் அழைத்துப் போய், பெட்டி இல்லாததையும் அலமாரி இல்லாததையும் காட்டினாள். உடுத்தியிருந்ததைத் தவிர அவளுக்கு வேறு சேலை கிடையாது. எதைக் கட்டிக்கொண்டு எதைத் துவைப்பாள்? சுகாதாரத்தைப் பற்றி உபதேசம் செய்வதற்கு முன்னால் கேட்டறிய வேண்டும் என்பதும், பெண்களின் கஷ்டத்தைப் பெண்களிடமே கேட்க வேண்டும் என்பதும் இதிலிருந்து விளங்குகின்றன.

சம்பாரணுக்கு ஐந்து வருஷம் முன்னதாக, 1912-இல், கடலுக்கு அப்பால் அமெரிக்காவில் ஒரு செல்வர் ஏறக்குறைய இதே முறையைக் கைக்கொண்டார். ஜூலியஸ் ரோசன்வால்டு என்ற அந்த வியாபாரி, புக்கர் வாஷிங்டன் என்ற கறுப்பினக் கல்வியாளரின் யோசனையைக் கேட்டு, அலபாமா நாட்டுப்புறத்தில் கறுப்பினக் குழந்தைகளுக்காக ஆறு சிறு பள்ளிக்கூடங்கள் கட்டப் பணம் உதவினார். 1932-ஆம் வருஷத்துக்குள் 15 மாநிலங்களில் ஏறக்குறைய 5,000 பள்ளிக்கூடங்கள் எழும்பின. முழுச் செலவையும் அவர் கொடுக்கவில்லை. சர்க்காரும் ஒரு பங்கு போட வேண்டும், ஊராரும் ஒரு பங்கு போட வேண்டும் என்பது நிபந்தனை. ஜன்னல் எந்தத் திசையில் இருந்தால் வெளிச்சம் நன்றாக விழும் என்பது வரையில் வரைபடத்தில் கண்டிருந்தது. சுகாதாரமான கழிப்பறைகளும் அந்தத் திட்டத்தில் சேர்ந்தே இருந்தன. கூலி வேலையும் குத்தகை விவசாயமும் செய்து வந்த அந்த ஏழைகள் மொத்தத்தில் கொடுத்தது சுமார் 47 லக்ஷம் டாலர். செல்வர் கொடுத்ததைக் காட்டிலும் அதிகம்! அலபாமாவில் ஒரு கூட்டத்தில், அடிமையாக இருந்து விடுதலை பெற்ற கிழவர் ஒருவர் எண்ணெய்ப் பிசுக்கேறிய பையை எடுத்து மேஜையின்மேல் கவிழ்த்தாராம். சில்லறையும் நோட்டுமாக 38 டாலர். அவருடைய ஆயுட்காலச் சேமிப்பு முழுதும் அவ்வளவுதான். அப்படிப் பிறந்த பள்ளிக்கூடம் சீர்குலைய ஊரார் எளிதில் சம்மதிப்பார்களா?

இவ்வளவு தூரம் போவானேன்? நம் தமிழ்நாட்டிலேயே, ஸ்ரீ காமராஜ் முதன் மந்திரியாக இருந்தபோது, கல்வி இலாகாத் தலைவர் ஸ்ரீ நெ. து. சுந்தரவடிவேலுவின் முயற்சியால், 1958-ஆம் வருஷம் முதல் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் ஊர் ஊராக நடந்தன. கட்டடம் கொடுத்தவர்களும் உண்டு. பெஞ்சும் கரும்பலகையும் தண்ணீர்ப் பானையும் கொடுத்தவர்களும் உண்டு. 'நம் ஊர்ப் பள்ளிக்கூடம்' என்ற எண்ணம் ஜனங்களுக்கு உண்டாகும்படி செய்ததே அந்த மாநாடுகளின் பெருமை.

* * *

ஆகையால், தர்மம் செய்ய மனமுள்ள நேயர்களுக்கு நாம் சில வார்த்தைகள் சொல்லத் துணிகிறோம்.

வகுப்பறை கட்டுவதற்கு முன்னால் தண்ணீர் எங்கிருந்து வரும் என்று கேளுங்கள். கழிப்பறையை வகுப்பறையோடு சேர்த்தே திட்டமிடுங்கள். கிராமங்களுக்கு இரட்டைக் குழிக் கழிப்பறை மிகவும் ஏற்றது. ஒரு குழி நிறைந்ததும் அதை மூடிவிட்டு மற்றதைத் திறக்கிறார்கள். மூடிய குழியில் இருப்பது காலப்போக்கில் மக்கி எருவாகிவிடும். மனிதர் எவரும் மலத்தைக் கையால் தொட வேண்டியதில்லை. ஆனால் குழி கிணற்றுக்குப் பக்கத்தில் இருக்கக் கூடாது.

கட்டடத்துக்கு ஒதுக்கிய பணத்தில் ஒரு பகுதியைக் கட்டடத்தில் போடாமல் வட்டிக்குப் போடுங்கள். ஐந்து லக்ஷம் ரூபாய்க்கு நூற்றுக்கு ஆறு வட்டியானால் மாதம் 2,500 ரூபாய் வரும். சோப்பும் துடைப்பமும் வாங்கலாம். மோட்டாரைப் பழுது பார்க்கலாம். தினம் காலையில் வந்து கழுவிவிட்டுப் போகும் ஒருவருடைய சம்பளத்துக்கும் கை கொடுக்கலாம். இதுதான் நம் காலத்துச் சாவா மூவாப் பேராடு. அதைப் பராமரிக்க ஆளைத் தேடி அலைய வேண்டியதும் இல்லை. கல்வி உரிமைச் சட்டத்தின்படி அமைந்த பள்ளி மேலாண்மைக் குழுவில் நாலில் மூன்று பங்கினர் பெற்றோர்கள். மொத்த அங்கத்தினரில் பாதிப் பேர் பெண்கள். கணக்கை அவர்களிடம் ஒப்புவித்து, வருஷம் ஒரு முறை போய்ப் பாருங்கள்.

இந்தச் சம்பளத்தை நாம் வற்புறுத்துவதற்கு வேறொரு காரணமும் உண்டு. கழுவ ஆள் இல்லாத பள்ளிக்கூடங்கள் சிலவற்றில், தாழ்த்தப்பட்ட வகுப்புக் குழந்தைகளைக் கொண்டே கழிப்பறையைக் கழுவச் செய்ததாகச் செய்திகள் வந்திருக்கின்றன. அ, ஆ படிக்க வந்த குழந்தையின் கையில் துடைப்பத்தைக் கொடுத்து, 'உன் ஜாதிக்கு இதுதான்' என்று சொல்லாமல் சொல்வதைக் காட்டிலும் பாவம் வேறு உண்டா? நாம் கழுவுகிற ஆளுக்குச் சம்பளம் எழுதி வைக்காமல் கட்டிக் கொடுக்கும் கழிப்பறை, அந்தப் பாவத்துக்கு வழிவிடுகிறது. எல்லாக் குழந்தைகளும், உபாத்தியாயர்களும் கூட, முறை வைத்துச் சுத்தம் செய்தால் அது கல்வி. ஒரு வகுப்பார் மட்டும் செய்தால் அது கொடுமை.

* * *

அன்று அந்தக் கிராமத்தில், கொடையாளர் மோட்டாரில் ஏறும் சமயத்தில் நம் இல்லத்தரசி அவரிடம் போய், பூட்டிய கதவைப் பற்றி ஒளிக்காமல் சொல்லிவிட்டாள். நமக்குச் சற்றுத் தர்மசங்கடமாய்த்தான் இருந்தது. அவர் ஒரு நிமிஷம் பேசாமல் நின்றார். பிறகு, "இதை யாருமே என்னிடம் சொல்லவில்லையே, அம்மா!" என்றார். மறு வாரமே புதிய மோட்டார் வந்தது. கழுவுகிறவருக்குச் சம்பளமும் ஏற்பாடாயிற்று என்று தலைமை உபாத்தியாயினி எழுதியிருக்கிறார். தண்ணீர்ப் பானையைத் தினம் இரண்டு தரம் நிரப்ப வேண்டியிருக்கிறதாம்.

அவர் நல்ல மனிதர். அவரைப் போன்ற நல்லவர்கள் நம் நேயர்களில் அநேகர் இருப்பார்கள். 'யாரும் சொல்லவில்லையே' என்று அவர்களும் பின்னால் சொல்லக்கூடாது என்பதற்காகவே இந்த விஷயத்தை இங்கே எழுதினோம்.