வாசிப்புக்கு வயதெல்லை விதித்த அதிபருக்கு

வெள்ளவத்தையில் நடந்த ஒரு கல்விக் கூட்டத்தில் ஓய்வுபெற்ற அதிபர் ஒருவருடைய பேச்சுக்குப் பலத்த கைதட்டல். தரம் ஒன்பதுக்கு வந்தும் தமிழைச் சரளமாக வாசிக்க முடியாத பிள்ளைக்கு இனி வாசிப்பு வராதாம். நோட்ஸைப் பாடமாக்கட்டும், குரல் பதிவுகளைக் கேட்கட்டும், அதுவும் சரிவராவிட்டால் ஒரு தொழிலைப் பழகட்டும் என்றார். யதார்த்தமான பேச்சு என்று பக்கத்தில் இருந்தவர்கள் மெச்சினார்கள். யதார்த்தம் இவ்வளவு மலிவாகக் கிடைப்பது எனக்குத் தெரியாமல் போய்விட்டது.

முதலில் அந்த ‘இனி வராது’. லக்னோவுக்கு அருகே கிராமத்துப் பெரியவர்கள், பெரும்பாலும் முப்பது வயதையொட்டிய பெண்கள், ஆறு மாதத்தில் தேவநாகரி வாசிக்கப் பழகியதை 2017இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. வாசிக்கத் தொடங்கியதும் மூளையின் தண்டுப்பகுதியில்கூட மாற்றம் தெரிந்தது. அவ்வளவு தூரம் போகவேண்டாம் என்றால் புதுக்கோட்டையைப் பாருங்கள். 1990களின் தொடக்கத்தில் அங்கே அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கம் கல்லுடைக்கும் பெண்களுக்கு எழுத்தையும் சைக்கிளையும் சேர்த்தே பழக்கியது. அவர்களுக்கு வந்தது பதினான்கு வயதுப் பையனுக்கு வராது என்பதற்கு ஐயா வைத்த ஒரே ஆதாரம் தன்னுடைய நீண்டகால அனுபவம். அந்த அனுபவத்தில் எத்தனை பேருக்கு மினக்கெட்டு வாசிக்கச் சொல்லிக்கொடுத்துப் பார்த்தார் என்பதை மட்டும் அவர் சொல்லவில்லை.

கொட்டாஞ்சேனைப் பக்கம் போய் இந்தப் பிள்ளைகளில் ஒருவனை இருத்தி வாசிக்கச் சொன்னால் விடயம் விளங்கும். எழுத்து அவனுக்குத் தெரியும். ஒவ்வொன்றாகக் கூட்டிக் கூட்டி வசனத்தின் முடிவுக்கு வருவதற்குள் அதன் தொடக்கம் மறந்துபோகிறது, அவ்வளவுதான். அதே பையன் இரவு முழுக்க வாட்ஸ்அப்பில் தமிழை ஆங்கில எழுத்தில் தட்டுகிறான், நண்பர்கள் அனுப்புவதையும் ஒரு நொடியில் வாசித்துவிடுகிறான். மூளையில் குறை என்றால் அதுவும் முடியாதே! வீட்டில் பேசும் தமிழுக்கும் பாடநூலின் தமிழுக்கும் இடையில் இருக்கிற தூரத்தை யாரும் அவனைக் கைபிடித்துக் கடக்கவைக்கவில்லை. ஐந்தாம் தரம் வரை புலமைப்பரிசில் பரீட்சைக்கு ஓட்டம். ஆறாம் தரத்திலிருந்து வாசிக்கக் கற்றுக்கொடுப்பது எந்தப் பாட ஆசிரியருடைய வேலையும் அல்ல. விஞ்ஞான சேருக்கு விஞ்ஞானம், வரலாற்று ரீச்சருக்கு வரலாறு. வருடாவருடம் வகுப்பேற்றிவிட்டு, ஒன்பதாம் தரத்தில் திடீரென்று கண்விழித்து, காலம் கடந்துவிட்டது என்கிறார்கள். பிள்ளை பதினாறு வயது வரை பள்ளிக்கூடத்தில் இருக்கவேண்டும் என்று 2016இல் சட்டமாயிற்று. மிச்சமுள்ள இரண்டு வருடத்தில் அவன் வாங்கைத் தேய்க்கவேண்டும் என்பதுதானா ஐயாவின் திட்டம்?

நோட்ஸ் யோசனை இன்னும் விசேஷம். காலி வீதியின் ஒழுங்கைகளுக்குள் நடக்கும் ரியூஷன்களில் சொல்லச் சொல்ல எழுதி, எழுதியதைப் பாடமாக்கும் கலை ஏற்கெனவே நன்றாக வளர்ந்திருக்கிறது. ஆனால் சாதாரண தரப் பரீட்சை மண்டபத்தில் வினாத்தாளை வாசித்துக் காட்ட யாரும் வரமாட்டார்கள். கணித வினாவில் நாலு வரிக்குள் மறைந்திருக்கும் கூட்டலைக் கண்டுபிடிப்பதற்கும் வாசிக்கத்தான் வேண்டும். குரல் பதிவில் பாடம் கேட்டவன் அங்கே என்ன செய்வான்?

‘தொழில் பழகட்டும்’ என்பதில்தான் எனக்குக் கோபம் வருகிறது. தொழிலுக்குப் போகிறவனுக்கு வாசிப்பு வேண்டாம் என்று யார் தீர்ப்பெழுதியது? முச்சக்கரவண்டியை லீசிங்கில் எடுக்கிறவன் எதில் ஒப்பமிடுகிறான் என்று அவனுக்குத் தெரியவேண்டாமா? எழுத்தாளர் டொமினிக் ஜீவா பள்ளிப்படிப்பைப் பாதியில் விட்டு யாழ்ப்பாணத்தில் சிகையலங்காரத் தொழில் செய்தவர். 1966இல் ‘மல்லிகை’ இலக்கியச் சஞ்சிகையைத் தொடங்கி, பிற்காலத்தில் அதைக் கொழும்புக்குக் கொண்டுவந்து கொழும்பு 13 விலாசத்திலிருந்து நடத்தினார். ஐயாவின் கணக்கில் வாசிப்புத் தேவைப்படாதவர்களின் பட்டியலில் முதல் பெயர் அவருடையதாக இருந்திருக்கும்.

நூலகங்கள் இருக்கின்றனவே என்று கூட்டத்தில் ஒருவர் ஆறுதல் சொன்னார். இருக்கின்றன. 1942இல் தொடங்கிய கொழும்புத் தமிழ்ச் சங்கத்தின் நூலகம் அந்த மண்டபத்திலிருந்து நடக்கும் தூரம்தான். வாசிக்கத் தடுமாறுகிறவனுக்கு நூலகத்தின் விலாசம் கொடுப்பது நீச்சல் தெரியாதவனுக்கு வெள்ளவத்தைக் கடலைக் காட்டுவது. ஒக்டோபரில் வாசிப்பு மாதம் கொண்டாடுகிறோம், பேச்சுப்போட்டி வைக்கிறோம். அதில் பரிசு வாங்குகிறவர்கள் ஏற்கெனவே வாசிக்கிறவர்கள்.

ஒன்றில் ஐயா சொன்னது சரி. மீசை அரும்பிய பையனிடம் இரண்டாம் தரப் புத்தகத்தைக் கொடுத்தால் அவன் கூசிப்போவான். கொடுக்காதீர்கள். அவனுடைய பாடநூலிலேயே ஒரு பந்தியை எடுத்து ஆசிரியர் முதலில் வாசிக்கட்டும், அவன் கண்ணால் தொடரட்டும். பிறகு அதே பந்தியை அவன் மூன்று நான்கு தரம் வாய்விட்டு வாசிக்கட்டும். அமெரிக்க உளவியலாளர் ஜே சாமுவேல்ஸ் 1979இலேயே விரிவாக எழுதிய முறை இது. ‘ஒளித்தொகுப்பு’ மாதிரி நீளமான சொல் வந்தால் பிரித்து, ஒவ்வொரு துண்டும் என்ன சொல்கிறது என்று காட்டுங்கள். வாசித்ததைத் தன் பேச்சுத்தமிழில் அவன் திருப்பிச் சொல்லட்டும். வீரகேசரியின் கிரிக்கெட் பக்கமும் நல்ல பாடநூல்தான். இதையெல்லாம் தனியாக அல்லது இரண்டு மூன்று பேராக இருத்திச் செய்யவேண்டும். நாற்பது பேருக்கு நடுவில் எழுப்பி, தடுமாறவிட்டு, மற்றவர்களைச் சிரிக்கவைக்கிற பழைய வித்தைக்கு இதில் இடமில்லை. பயிற்சியும் நேரமும் கேட்கிற வேலை என்பது உண்மை. எத்தனையோ பள்ளிகளில் பின்னேர வகுப்புகள் நடக்கின்றன, நன்றாக வாசிக்கிற பிள்ளைகளுக்காக.

இன்னொன்றையும் ஐயாவிடம் கேட்கவேண்டும். இதே தடுமாற்றம் அன்று கைதட்டியவர்களில் ஒருவரின் வீட்டுப் பிள்ளைக்கு இருந்தால் டிஸ்லெக்ஸியாவோ என்று பதறி, நிபுணரைத் தேடி, மணித்தியாலத்துக்கு இவ்வளவு என்று காசு கட்டி, வருடக்கணக்கில் கூட்டிக்கொண்டு போவார்கள். அந்த நிபுணரும் பதினான்கு வயதுப் பிள்ளையைப் பக்கத்தில் இருத்தி, பந்தி பந்தியாக, திரும்பத் திரும்ப வாசிக்கத்தான் வைப்பார். அங்கே போய், இனி வராது, காசை மிச்சம் பிடியுங்கள் என்று ஐயா சொல்வாரா?