தறி வீட்டுக்கு எந்த லென்ஸ்?

கையில ஃபியூஜி மிரர்லெஸ். ஞாயித்துக்கிழமை பிள்ளையார்பாளையம் தறி வீட்டுக்குக் கிளம்புறீங்க. பர்ஸ் ஒரு லென்ஸுக்குத்தான் தாங்கும். 2014-ல் வந்த 56 எம்.எம். எஃப் 1.2-வா, 2012-ல் வந்த 60 எம்.எம். எஃப் 2.4 மேக்ரோவா?

நாலு எம்.எம்.முக்கு இவ்ளோ பில்டப்பானு சிரிக்காதீங்க பாஸ்! குழித்தறி அறையில வெளிச்சம் கம்மி. முழுசாத் திறந்தா, 60-ஐவிட 56 நாலு மடங்கு வெளிச்சம் வாங்கும். நெசவாளர் முகம் அள்ளும். ஆனா, ஒரு மீட்டர்ல டெப்த் சுமார் ஒன்றரை சென்டிமீட்டர்தான். கண் ஷார்ப்னா காது அவுட். 70 செ.மீ.க்குள்ள போனா ஃபோகஸே கிடையாது.

60 இருக்கே, அது 27 செ.மீ. வரை நெருங்கும். சேலையில வெறும் 47 மி.மீ. அகலம் ஃப்ரேம் முழுக்க நிறையும். உடலுக்கும் பார்டருக்கும் தனித்தனி நாடா ஓட்டி, இழைக்கு இழை கோத்து நெய்யுற கோர்வை அப்பத்தான் கண்ணுல படும். எடையும் 215 கிராம்தான். 56-ல ஏறக்குறைய பாதி. ஃபோகஸ் மட்டும் மாட்டு வண்டி! ஓடுற நாடாவைத் துரத்தாதீங்க.

என் ஓட்டு 60-க்கு. முகம் எடுக்க கல்யாண போட்டோகிராபர்ங்க இருக்காங்க. நெசவாளர் டீ குடிக்க எழுந்ததும், அவர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு, தரையில சம்மணம் போட்டு கோர்வையை எடுங்க.