வீட்டு மீன் தொட்டியில் பவளம் வைத்தால் 7 ஆண்டு வரை சிறையா? சட்டம் என்ன சொல்கிறது? முழு விளக்கம்

நீல வெளிச்சம், நடுவில் வண்ண வண்ண பவளங்கள், அதைச் சுற்றிவரும் கோமாளி மீன்கள்... இன்ஸ்டாகிராமில் இப்படி ஒரு தொட்டியைப் பார்த்ததும் 'நம்ம வீட்டிலும் ஒண்ணு வைக்கலாமே' என்று தோன்றுவது இயல்புதான். நாட்றாம்பாளையத்தில் இருந்து கடல் 200 கி.மீ.க்கு மேல் தூரம். ஆனால் ஓசூரைத் தாண்டினால் பெங்களூரு. போதாததற்கு செல்போனிலேயே ஆர்டர் பண்ணலாம். சிக்கல் ஆரம்பிப்பதும் இங்கதான்.

பவளம் கல் இல்லையா?

இல்லை, பவளம் உயிருள்ள விலங்கு. கடினப் பவளங்கள், கருப்புப் பவளம், கடல் விசிறி ஆகியவை 2001-ல் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் 1972-ன் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. புலி, யானை இருக்கும் அதே பட்டியல்!

இந்தப் பட்டியலில் உள்ள உயிரினம் தொடர்பான குற்றத்துக்கு குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு சிறை. அதோடு குறைந்தது 25 ஆயிரம் ரூபாய் அபராதம். உயிரோடு இருப்பது மட்டுமல்ல, செத்த பவளத்தின் கூடும் பாதுகாக்கப்பட்டதுதான். எனவே 'லைவ் ராக்' என்ற பெயரில் பவளக்கல்லை விற்றாலும் உஷாராக இருங்கள். இது மத்திய சட்டம் என்பதால், கர்நாடகாவில் வாங்கினேன் என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

ஏன் இவ்வளவு கடுமை?

மன்னார் வளைகுடாதான் பதில். தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் இடையே உள்ள 21 தீவுகளைச் சேர்த்து 1986-ல் கடல்சார் தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டது. சுண்ணாம்புக்காகவும் கட்டுமானத்துக்காகவும் அங்கே பல ஆண்டுகள் பவளம் வெட்டி எடுக்கப்பட்டது. அலையைத் தடுக்கும் பவளப்பாறை போனதும் தீவின் மண் அரிக்கத் தொடங்கியது. பூவரசன்பட்டி, விலாங்குச்சல்லி ஆகிய இரண்டு தீவுகள் கடலுக்குள்ளேயே மூழ்கிவிட்டன.

பாறை போன்ற பவளங்கள் ஆண்டுக்கு சுமார் 1 செ.மீ. தான் வளரும். ஒரு துண்டை உடைக்க ஒரு நிமிடம் போதும், அது திரும்ப வளர பல ஆண்டுகள் ஆகும். கடல் சூடாகும்போது பவளத்துக்கு உணவு தரும் நுண்பாசி வெளியேறி, பவளம் வெளுத்துவிடும். 2016-ல் மன்னார் வளைகுடாவே இப்படி வெளுத்தது. உலக அளவில் நான்காவது பெரும் வெளுப்பு நடப்பதாக 2024 ஏப்ரலில் அறிவிக்கப்பட்டது. ஏற்கெனவே தவிக்கும் உயிரினத்துக்கு நம் தொட்டி இன்னொரு சுமையாகக் கூடாது.

அப்போ என்னதான் வளர்க்கலாம்?

✦ பண்ணையில் பொரித்த மீன்: கடல் அலங்கார மீன்களில் பெரும்பகுதி இன்றும் கடலில் பிடிக்கப்பட்டே விற்பனைக்கு வருகிறது. ஆனால் கோமாளி மீன் அப்படி இருக்கத் தேவையில்லை. அதைத் தொட்டியிலேயே முட்டையிட வைத்து வளர்க்கும் முறையை மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கியிருக்கிறது. 'கடலில் பிடிச்சதா, பண்ணையில் பொரிச்சதா?' என்று கடையில் கேளுங்கள். பதில் வரவில்லையா? வாங்காதீர்கள்.

✦ பவளத்துக்குப் பதில் செராமிக் பாறை: நீரைச் சுத்தப்படுத்தும் பாக்டீரியா இதிலும் நன்றாக வளரும்.

✦ கடல்குதிரை கூடாது: இதுவும் சட்டப் பாதுகாப்பில் உள்ள உயிரினம்.

செலவும் பொறுப்பும்

100 லிட்டர் தண்ணீருக்கு சுமார் 3.5 கிலோ கடல் உப்புக் கலவை தேவை. போர் தண்ணீரை அப்படியே ஊற்றக் கூடாது, ஆர்.ஓ. தண்ணீர் வேண்டும். தொட்டி தயாராக 4 முதல் 6 வாரம் ஆகும், அதற்கு முன் மீனை விட்டால் அம்மோனியா ஏறி செத்துவிடும். கரண்ட் போனால் ஆக்சிஜன் குறையும். எனவே பேட்டரி ஏர் பம்ப் கட்டாயம்.

வளர்க்க முடியாமல் போனால்?

ஆற்றிலோ ஏரியிலோ விடவே கூடாது. கடல் மீன் நல்ல தண்ணீரில் செத்துவிடும். நன்னீர் மீன் என்றால் ஆபத்து வேறு மாதிரி. 'டேங்க் க்ளீனர்' என்று வாங்கப்படும் மீன், இன்று தமிழ்நாட்டின் பல ஏரிகளில் பெருகி, மீனவர் வலையைக் கிழிக்கிறது.

கிருஷ்ணகிரி, தர்மபுரி வனப்பகுதிகளைச் சேர்த்து 2022 நவம்பரில் காவேரி தெற்கு வனவிலங்கு சரணாலயம் அறிவிக்கப்பட்டது. நீர்நாயும் ஆற்று ஆமையும் வாழும் அந்தத் தண்ணீருக்கு வெளியூர் மீன் வேண்டாம். வளர்க்க முடியாத மீனை வாங்கிய கடையிலேயே திருப்பிக் கொடுங்கள், அல்லது வேறொரு வளர்ப்பாளரிடம் ஒப்படையுங்கள். பவளம் விற்பது தெரிந்தால் வனத்துறைக்குத் தகவல் சொல்லலாம்.