இருட்டுச் சந்துக்குள்ள போற பொண்ணு

ரத்தக்காட்டேரி, ஓநாய் மனுஷன், சூனியக்காரி எல்லாம் வர்ற கதைகளை விழுந்து விழுந்து படிப்பேன்னு ஆபீஸ்ல சொன்னா ரெண்டு விதமா ரியாக்‌ஷன் வரும். ஒண்ணு, "இந்த வயசுலயுமா?" இன்னொண்ணு, "ஓ... ட்வைலைட்டா?"ன்னு கேட்டுட்டு ஒரு சிரிப்பு. முதல் ஆளை விட்டுடலாம். அந்த ரெண்டாவது சிரிப்புக்கு பதில் சொல்லணும்னு ரொம்ப நாளா ஒரு அரிப்பு. இன்னிக்கு சொறிஞ்சுடறேன் :)

முதல்லயே ஒண்ணு. எனக்குப் பயப்படறதுக்காகப் பேய்க்கதை படிக்கற பழக்கம் கிடையாது. பாழடைஞ்ச பங்களா, கிரீச்னு திறக்கற கதவு இதெல்லாம் நமக்கு ஒத்து வராது. நான் சொல்றது வேற ரகம். அர்பன் ஃபேன்டஸின்னு பேர் வெச்சிருக்காங்க. நாம பார்க்கற மாதிரி ஊர், கார், வீட்டு வாடகை, போலீஸ் ஸ்டேஷன் எல்லாம் இருக்கும், கூடவே காட்டேரியும் இருக்கும். நடுவுல ஒரு பொண்ணு. பெரும்பாலும் அவளே "நான்"னு கதை சொல்லுவா.

இந்தப் பொண்ணுங்களுக்கெல்லாம் பெரியக்கா பஃபி. 1992ல சினிமாவா வந்து சுமாரா ஓடி, 1997ல இருந்து 2003 வரைக்கும் டிவி சீரியலா 7 சீசன், 144 எபிசோட் வந்தது. நான் பார்த்தது எல்லாம் முடிஞ்சு பல வருஷம் கழிச்சுதான். இதை உருவாக்கின ஜாஸ் வீடன் பல தடவை சொன்ன விஷயம் இது. ஹாலிவுட் பேய்ப்படத்துல எல்லாம் ஒரு பொன்னிறத் தலைமுடிக்காரப் பொண்ணு இருட்டுச் சந்துக்குள்ள போவா, பின்னாடியே ஒண்ணு போகும், ஒரு அலறல், அத்தோட அவ கதை முடிஞ்சுது. அதே பொண்ணு, அதே சந்து, ஆனா உள்ள இருக்கற அந்த ஜந்துதான் அடி வாங்கிட்டு ஓடுதுன்னு வெச்சா எப்படி இருக்கும்? அவ்வளவுதான் ஐடியா.

இதைக் கேட்டதும் எனக்கு உடனே புரிஞ்சுது. ஏன்னா அந்த சந்து எனக்குத் தெரியும். செகண்ட் ஷிஃப்ட் முடிச்சு ராத்திரி பதினொன்றரைக்கு கேப் மெயின் ரோட்டுலயே இறக்கி விட்டுட்டுப் போன நாட்கள் நிறைய உண்டு. வீட்டுக்கு நாலு நிமிஷ நடை. தெரு விளக்கு ஒண்ணு விட்டு ஒண்ணுதான் எரியும். சாவியை விரல் இடுக்குல பிடிச்சுக்கறது, காதுல இயர்ஃபோன் மாட்டிக்கிட்டு பாட்டைப் போடாம இருக்கறது, பின்னாடி வர்ற பைக் மெதுவாகுதான்னு கேக்கறது... எந்தப் பொண்ணைக் கேட்டாலும் இந்த லிஸ்ட்டை அப்படியே ஒப்பிப்பா. எங்களுக்கு ராத்திரின்னாலே ஏற்கெனவே பேய்க்கதைதான். காட்டேரி அதுக்கு ஒரு மூஞ்சியும் பல்லும் கொடுக்குது, அவ்வளவே.

மூஞ்சியும் பல்லும் மட்டும் இல்ல, விதியும் கொடுக்குது. இதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம். காட்டேரிக்கு வெயில் ஆகாது. மர ஈட்டி நெஞ்சுல இறங்கினா சாம்பல். முக்கியமா, வீட்டுக்காரங்க கூப்பிடாம வாசப்படி தாண்ட முடியாது. யோசிச்சுப் பாருங்க, எவ்வளவு பெரிய சலுகை இது! "உள்ள வா"ன்னு நீ சொன்னாதான் அவனால உள்ள வர முடியும். நிஜத்துல அப்படி ஒரு விதி எவனுக்கும் கிடையாது. எதிரிக்கு ஸ்பெக் எழுதி கைல கொடுத்த மாதிரி. பக் எங்க இருக்குன்னு தெரிஞ்சா ஃபிக்ஸ் பண்ணிடலாம்ல!

அடுத்தது வேலை, காசு. ட்வைலைட்னு சிரிக்கறவங்களுக்கு இது தெரியாது. இந்த ஹீரோயின்கள் ஒருத்தி பாக்கி இல்லாம மாசக் கடைசில கைல காசு இல்லாம அல்லாடறவங்க. லாரல் ஹாமில்டன் 1993ல ஆரம்பிச்ச வரிசைல அனிட்டா பிளேக்குக்கு செத்தவங்களை எழுப்பறது உத்தியோகம். உயில் தகராறுன்னா செத்தவரையே எழுப்பிக் கேட்டுடலாம் பாருங்க. சார்லெய்ன் ஹாரிஸோட சூக்கி, லூசியானால ஒரு சின்ன ஊர் பார்ல சாப்பாடு பரிமாறறவ. அவளுக்கு அடுத்தவங்க மனசுல நினைக்கறதெல்லாம் காதுல விழும். வரம்னு நினைப்பீங்க. எந்த ஆம்பளையோட டேட்டிங் போனாலும் அவன் மனசுக்குள்ள ஓடறது முழுக்கக் கேக்கும்னா எப்படி இருக்கும்? 2001ல வந்த முதல் புத்தகத்துல ஒரு காட்டேரி அந்த பாருக்குள்ள வர்றான். செத்தவன், அவன் மனசுல இருந்து ஒரு சத்தமும் வரல. அவளுக்கு அவன்மேல வர்ற ஈர்ப்புக்கு அந்த நிம்மதிதான் ஆரம்பம். அவன் அழகா இருக்கறது அப்புறம்தான். இதைப் படிச்சப்ப புத்தகத்தை மூடி வெச்சுட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உக்காந்திருந்தேன்.

பஃபிக்கும் இதே பாடுதான். அஞ்சாவது சீசன்ல அவ அம்மா செத்துப்போறாங்க. பேயும் இல்ல பிசாசும் இல்ல, மூளையில ரத்தக்குழாய் வெடிச்சு. 2001ல வந்த அந்த எபிசோட்ல பின்னணி இசையே கிடையாது. உலகத்தையே காப்பாத்தறவளால அதுக்கு ஒண்ணும் பண்ண முடியல. அடுத்த சீசன்ல தண்ணிக் குழாய் வெடிச்சு வீட்டுக்கு அடித்தளம் முழுக்க வெள்ளம், ரிப்பேருக்குக் காசு இல்ல, பேங்க்ல லோன் கேக்கப் போறா. அடமானம் வைக்க ஒண்ணும் இல்லன்னு கைய விரிக்கறாங்க. அந்த நேரம் பார்த்து பேங்க்குக்குள்ள ஒரு அரக்கன் புகுந்துடறான். அவனையும் அடிச்சு விரட்டிட்டு, வெறுங்கையோட வீட்டுக்கு வர்றா. அப்புறம் ஒரு பர்கர் கடைல சீருடை போட்டுக்கிட்டு வேலைக்குச் சேர்றா. இன்னொரு கொடுமை கேளுங்க. அவளை மேற்பார்வை பார்க்கற ஆளுக்கு கவுன்சில் சம்பளம் கொடுக்குது, சண்டை போடற இவளுக்கு சல்லிக்காசு கிடையாது. ஒரு எபிசோட்ல கவுன்சில்காரங்களை எதிர்த்து நின்னு பேசி, அந்த மேற்பார்வையாளரோட பழைய சம்பள பாக்கியை வாங்கிக் கொடுக்கறா. தனக்குக் கேக்கத் தோணவே இல்ல! அப்ரைசல் மீட்டிங்ல எத்தனை பொண்ணுங்களை இப்படிப் பார்த்திருக்கேன், சொன்னா கதை நீளும்.

எனக்கு ரொம்ப நெருக்கமானவ மெர்சி தாம்சன். பாட்ரிசியா பிரிக்ஸ் 2006ல ஆரம்பிச்ச வரிசை. மெர்சி சரித்திரம் படிச்சுட்டு வாஷிங்டன் மாநிலத்துல ஃபோக்ஸ்வேகன் கார் மெக்கானிக்கா இருக்கா. கயோட்டின்னு நம்ம குள்ளநரிக்கு உறவுக்காரப் பிராணி ஒண்ணு இருக்கே, அதுவா மாறுவா. சுத்தி இருக்கறவங்க எல்லாம் ஓநாய்கள், ஒரு அடி அடிச்சா இவ காலி. ஓடத் தெரியும், மோப்பம் தெரியும், வாய் ஜாஸ்தி. பக்கத்து வீட்டுக்காரன் ஓநாய்க் கூட்டத்துக்கே தலைவன், ஒழுங்கு நேர்த்தின்னா உயிர். அவன் ஓவரா அதிகாரம் பண்ணினா, அவன் ஜன்னல்ல இருந்து நேரா தெரியற இடத்துல நிறுத்தி வெச்சிருக்கற ஓட்டைக் காரைக் கொஞ்சம் இன்னும் அசிங்கமாக்கி வைப்பா. ஒரு சக்கரத்தைக் கழட்டி விடுவா. பலம் இல்லாதவ பலசாலியோட போடற சண்டை இப்படித்தான் இருக்கும். நூறு வாள் சண்டையை விட இந்த ஒரு ஓட்டைக் கார் மேல்.

மூணாவது புத்தகம் அயர்ன் கிஸ்ட், 2008. கதையைச் சொல்லாம இதைப் பேச முடியாது, படிக்கப் போறவங்க அடுத்த பாராவைத் தாண்டிடுங்க.

அதுல மெர்சி பலாத்காரம் செய்யப்படறா. அவ கவனக்குறைவா இருந்ததால இல்ல, சண்டை போடத் தெரியாததால இல்ல. ஒரு மாயக் கோப்பையில இருந்து குடிக்க வெச்சு, அவளோட சொந்த விருப்பத்தையே பிடுங்கிடறான். அவன் மேல ஆசைன்னு அவளையே நம்ப வெச்சுடறான். இதை எப்படி எழுதினாலும் விமர்சனம் வரும், வந்தது. பெண் பாத்திரத்துக்கு ஆழம் வேணும்னா உடனே பலாத்காரத்தைத் தூக்கிட்டு வர்ற சோம்பேறித்தனம் கதை உலகத்துல நிறையவே இருக்கு. ஆனா பிரிக்ஸ் அதைச் செய்யலங்கறது என் கட்சி. காரணம், அடுத்த புத்தகம். 2009ல வந்த போன் கிராஸ்ட்ல அவ சரியாகிடல. மூச்சு முட்டுது, கை நடுங்குது, பிடிச்சவன் தொட்டாலே உடம்பு விறைக்குது. அவனைக் கொன்னாச்சு, இருந்தும் பயம் போகல. பயத்தோடயே கராஜைத் திறக்கறா, ஆயில் மாத்தறா, பில் போடறா. பலம்னு நான் சொல்ல வர்றது இதை. சினிமாவுல ஹீரோ பழி வாங்கினதும் எல்லாம் சரியாகிடற மாதிரி காட்டறாங்களே, அங்க கட் சொன்னதும் எல்லாரும் வீட்டுக்குப் போயிடலாம்.

இதெல்லாம் நேத்து முளைச்சதுன்னு நினைக்காதீங்க. 1897ல பிராம் ஸ்டோக்கர் எழுதின டிராகுலாவை எடுத்துப் பாருங்க. மீனா ஹார்க்கர் ஸ்கூல் டீச்சர். ஷார்ட்ஹேண்ட், டைப்ரைட்டிங் கத்துக்கறா, ரயில் டைம்டேபிள் மனப்பாடம். எல்லாரோட டைரி, கடிதம், ஃபோனோகிராஃப்ல பேசி வெச்சது, எல்லாத்தையும் தேதி வாரியா டைப் அடிச்சு அடுக்கித் தர்றதே அவதான். இன்னிக்கு இருந்தா டேட்டா இன்ஜினியர்! அந்த வேலை முடிஞ்ச உடனே ஆம்பளைங்க என்ன பண்றாங்க? "இனிமே இது பொண்ணுங்க சமாச்சாரம் இல்ல"ன்னு பாதுகாப்புக்காக அவளை ஒதுக்கி, தனியா ரூம்ல விட்டுட்டு வேட்டைக்குப் போறாங்க. டிராகுலா நேரா அந்த ரூமுக்குத்தான் வர்றான். மறுபடி அவளை சேர்த்துக்கிட்ட அப்புறம்தான் அவன் எந்த ஆத்து வழியா தப்பிப் போறான்னு அவளே கணக்குப் போட்டுச் சொல்றா. கடைசிக் கத்திக்குத்து மட்டும் ஆம்பளைங்க கணக்குல. ஸ்டோக்கர் தெரிஞ்சு எழுதினாரோ தெரியாம எழுதினாரோ, பாதுகாப்புங்கற பேர்ல தகவலை மறைச்சா என்ன ஆகும்கறதுக்கு இதை விட நல்ல கதை நான் படிச்சதில்ல.

இவ்வளவு சிலாகிச்சதுக்காக குறையே இல்லன்னு சொல்ல மாட்டேன். முதல் குறை அட்டைப்படம். இறுக்கமான தோல் பேன்ட், முதுகைக் காட்டிக்கிட்டு, அதே நேரம் மூஞ்சியும் தெரியற மாதிரி முறுக்கிக்கிட்டு ஒரு நிப்பு. 2012ல ஜிம் ஹைன்ஸ்ங்கற எழுத்தாளர் இந்த அட்டைகள்ல இருக்கற மாதிரியே தானும் நின்னு போட்டோ எடுத்துப் போட்டார். மனுஷ முதுகெலும்பால தாங்க முடியாதுன்னு நிரூபணம் ஆச்சு :)) ரெண்டாவது, முக்கால்வாசி பேருக்கு அம்மா கிடையாது, ஃப்ரெண்டும் கிடையாது. சுத்தி ஏழெட்டு ஆம்பளைங்க, எல்லாரும் அவ மேல ஒரு கண்ணு. பலசாலின்னா தனியாளா நிக்கணுமா என்ன? அனிட்டா பிளேக் வரிசை பத்தாவது புத்தகத்துக்கு மேல படுக்கையறையை விட்டு வெளியவே வர்றதில்ல. எனக்குத் தாங்கல, நிறுத்திட்டேன். கேட் டேனியல்ஸ் எனக்கு உயிர். ஆனா புத்தகம் புத்தகமா அவ சக்தி ஏறிக்கிட்டே போறப்ப கொஞ்சம் சலிக்குது. அவளை விட அவ ஊர்தான் சுவாரஸ்யம். அட்லாண்டா நகரத்துல மந்திரம் கரன்ட் மாதிரி வந்து வந்து போகும். மந்திரம் வந்தா போன், துப்பாக்கி, கார் எதுவும் வேலை செய்யாது. போனா மறுபடி எல்லாம் ஓடும். மந்திரத்துல ஓடற கார் ஒண்ணு உண்டு, அதைக் கிளப்ப கால் மணி நேரம் மந்திரம் ஓதணும். பவர்கட்லயே வளர்ந்த நமக்கு இந்த ஊரை விளக்கவே வேண்டாம்.

ட்வைலைட்? 2005ல வந்த அந்த பெல்லா எனக்குப் பிடிக்காது, ஒத்துக்கறேன். ஆனா அதைப் படிக்கற பதினாலு வயசுப் பொண்ணைப் பார்த்து சிரிக்கற ஆள், பறந்து பறந்து நூறு பேரை அடிக்கற ஹீரோவுக்கு விசில் அடிக்கறவனா இருந்தா, அந்த சிரிப்பை நான் கணக்குல எடுத்துக்கறதா இல்ல.

கடைசியா ஒரு கசப்பான விஷயம். இத்தனைக்கும் தொடக்கம் போட்ட ஜாஸ் வீடன் மேல, பஃபில கார்டீலியாவா நடிச்ச கரிஸ்மா கார்பென்டர் 2021 பிப்ரவரியில பகிரங்கமா குற்றம் சாட்டினாங்க. படப்பிடிப்புல தன்னைக் கேவலமா நடத்தினதாவும், கர்ப்பமா இருந்தப்ப குத்திக் காட்டினதாவும் சொன்னாங்க. கூட நடிச்சவங்க பலர் அவங்க பக்கம் நின்னாங்க. பஃபியா நடிச்ச சாரா மிஷல் கெல்லர், பஃபியோட தன் பேர் இருக்கறதுல பெருமைதான், ஆனா வீடன் பேரோட காலத்துக்கும் ஒட்டிக்கிட்டு இருக்க விரும்பலன்னு எழுதினாங்க. வீடன் அடுத்த வருஷம் ஒரு பேட்டியில பலதை மறுத்தார். சில இடங்கள்ல தான் பண்பா நடந்துக்கலன்னும் ஒத்துக்கிட்டார். அப்போ அந்த சீரியலைத் தூக்கிப் போட்டுடணுமான்னு என் தோழி கேட்டா. நான் போடல. கடைசி எபிசோட்ல என்ன நடக்குதுன்னு பாருங்க. ஒரு தலைமுறைக்கு ஒரே ஒரு பொண்ணுக்குத்தான் சக்திங்கற விதி. ஆதிகாலத்துல சில ஆம்பளைங்க போட்டது. உலகத்துக்கே ஒரே சர்வர், பேக்கப்பும் அவ செத்தா அடுத்தவ! பஃபி அந்த விதியை உடைச்சு, தகுதி இருக்கற எல்லாப் பொண்ணுக்கும் சக்தியைப் பிரிச்சுக் கொடுத்துடறா. விதி போட்டவன் யாரா இருந்தா என்ன, இப்ப அது எங்க கைல.

பி.கு: புதுசா ஆரம்பிக்கறவங்க மெர்சியோட முதல் புத்தகம் மூன் கால்ட்ல இருந்து தொடங்குங்க. பஃபி முதல் சீசன் கொஞ்சம் மொக்கையாத்தான் இருக்கும், ரப்பர் பேய் எல்லாம் வரும். பல்லைக் கடிச்சுக்கிட்டு ரெண்டாவது சீசன் பாதி வரைக்கும் வந்துடுங்க. அப்புறம் தூக்கம் போச்சுன்னு என்னைத் திட்டக்கூடாது.