வாயில்லாச் சீவனுக்கு ஒரு வாளித் தண்ணீர்



சில மாதங்களுக்கு முன் நமக்குப் பழக்கமான ஒரு பங்குக் குடும்பத்தைக் காணச் சென்றிருந்தோம். திண்ணையில் அமர்ந்ததுமே கொல்லைப்புறத்திலிருந்து துர்நாற்றம் வீசியது. அங்கே சங்கிலியில் கட்டுண்டு கிடந்தது அவர்கள் வளர்க்கும் நாய். மயிர் திட்டுத் திட்டாய் உதிர்ந்து, தோல் சிவந்து, ஓயாமல் சொறிந்துகொண்டிருந்தது.

“இனிப் பொறுக்க முடியாது, எங்கேயாவது தொலைவில் கொண்டுபோய் விட்டுவிடப் போகிறேன்” என்றார் குடும்பத் தலைவர்.

“வாரத்துக்கு மூன்று தடவை நான் குளிப்பாட்டுகிறேனே, அப்பா!” என்று கண்கலங்கினான் பத்து வயது மகன்.

அவன் கூறியது பொய்யன்று. துணி துவைக்கும் சோப்பினால் அழுந்தத் தேய்த்து, உண்ணி சாகட்டுமென்று பினாயில் கலந்த நீரையும் ஊற்றி வந்திருக்கிறான். நம் வேண்டுகோளுக்கு இணங்கி, மறுநாள் தந்தையும் மகனும் நாயைக் கால்நடை மருத்துவரிடம் கொண்டுசென்றனர். அவர் கூறிய தீர்ப்பு இதுதான்: தோலைப் புண்ணாக்கியது அழுக்கு அன்று, குளிப்பாட்டிய முறையே.

அச்சிறுவனிடம் அன்பு இருந்தது, அறிவு இல்லை. அதை ஊட்ட வேண்டிய பெரியவர்களோ அருகில் இல்லை. இக்குறை அந்த ஒரு வீட்டுக்கு மட்டும் உரியதன்று என்பதால், நாம் அறிந்தவற்றை இங்கே எழுதுகிறோம்.

நாயின் மேல்தோல் நம்முடையதைவிட மெல்லியது. நம் தோலில் சற்றுப் புளிப்புத் தன்மை உண்டு. நாயின் தோலில் அது குறைவு. ஆகவே, நமக்கு ஏற்ற சோப்பு அதற்கு ஏற்றதன்று. துணி சோப்போ கொடுமை. பினாயில் நாய்க்கு நஞ்சு. உடலை நக்கும் பழக்கமுள்ள அதன் வயிற்றுக்குள்ளும் அது சென்றுவிடும். மண்ணெண்ணெயும் அத்தகையதே. நாய்க்கென்றே விற்கப்படும் மென்மையான சோப்புத் திரவத்தைச் சிறிதளவு பயன்படுத்தினால் போதும். நோயற்ற, குட்டை மயிருள்ள நாய்க்கு மாதம் ஒரு முறை நீராட்டுதல் பொதுவாகப் போதுமானது. அடிக்கடி சோப்பிட்டால் தோலைக் காக்கும் இயற்கை எண்ணெய்ப் பசை நீங்கிவிடும்.

நீராட்டுமுன் மயிரை வாரிவிட வேண்டும். சிக்குண்ட மயிர் நனைந்தால் மேலும் இறுகும். வெயில் உள்ள முற்பகலில், கை பொறுக்கும் இளஞ்சூட்டு நீரைக் கழுத்திலிருந்து பின்னோக்கி மெதுவாக ஊற்றுக. முகத்தை ஈரத் துணியால் துடைத்தலே நன்று. காதுக்குள் நீர் புகலாகாது. சோப்பு சிறிதும் தங்காதபடி அலசிய பின், காது மடல், அக்குள், விரலிடுக்கு ஆகியவற்றை ஈரமின்றித் துவட்டுக. ஈரம் தங்கும் இடத்தில்தான் சொறியும் நாற்றமும் குடியேறுகின்றன. நகத்தின் நுனியை மட்டுமே வெட்ட வேண்டும். அதனுள் இரத்தக் குழாயும் நரம்பும் உள்ளன.

உண்ணியைக் கையால் நசுக்குவது தவறு. சாமணத்தால் தோலை ஒட்டிப் பிடித்து, நேராக இழுத்தெடுத்து, சாராய நீரில் இட்டுக் கொல்லுக. பெண் உண்ணி நாயின் உடலில் முட்டையிடுவதில்லை. சுவர் வெடிப்பிலும் சாக்கு மடிப்பிலும் ஆயிரக்கணக்கில் இடுகிறது. எனவே நாயை மட்டும் கழுவி, அது படுக்கும் இடத்தைக் கழுவாது விட்டால் நம் உழைப்பு வீணே. உண்ணி மருந்தையும் வெறிநாய்க்கடித் தடுப்பூசியையும் மருத்துவரைக் கேட்டே இடுக.

இதற்கெல்லாம் பெரும்பொருள் வேண்டுவதில்லை. 1992ஆம் ஆண்டு வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல், விலங்குகளுக்குக் கனிவு காட்டுவது நம் கடமை என்கிறது. வறியோரின் துயர் துடைக்க வேண்டிய பணத்தை அவற்றின்மீது வாரி இறைப்பதும் தகாது என்கிறது. ஒரு வாளி நீரும், பழைய துண்டும், அரைமணி நேரப் பொறுமையும் இவ்விரு கட்டளைகளுக்கும் உட்பட்டவையே.

தோபித்து நூலில், வானதூதர் இரபேலுடன் பயணம் புறப்பட்ட தோபியாவின் பின்னே நாய் ஒன்றும் சென்றது. அது எந்த அருஞ்செயலும் புரியவில்லை. உடன் சென்றது, உடன் திரும்பியது. ஆயினும் திருநூலில் அதற்கும் ஓர் இடம் கிடைத்திருக்கிறது. நம் வீட்டு நாயும் அதையே செய்கிறது. நாம் போகும்போது வாசல் வரை வருகிறது. வரும்போது வாலாட்டி எதிர்கொள்கிறது. அதனை நாறும்படி விட்டவர்கள் நாம். நாறுகிறது என்று அதைத் துரத்துவது எவ்வகை நீதி?

சென்ற வாரம் அவ்வீட்டிற்கு மீண்டும் சென்றோம். நாயின் முதுகில் புதுமயிர் முளைத்திருந்தது. மகன் அதன் கழுத்தைப் பிடித்துக்கொள்ள, வேட்டியை மடித்துக் கட்டிய தந்தை நீர் ஊற்றிக்கொண்டிருந்தார். நம்மைக் கண்டதும் சற்று நாணத்துடன், “இவன் தனியாகச் செய்ததுதான் பிழை” என்றார்.

பெற்றோரே, பிள்ளைகள் ஆசைப்பட்டுக் கொணரும் சீவனைப் பேணும் கடமையைப் பிள்ளைகள் தலையில் மட்டும் சுமத்தாதீர்கள். வாளியின் மறுபக்கம் நீங்களும் குனிந்து நில்லுங்கள்.