படர்தாமரைக்கு எத்தனை வேஷம்!

உடம்பில் வட்டமாக ஒரு திட்டு கிளம்பிவிட்டால் போதும், நம் வீடுகளில் ஆளுக்கொரு பெயர் வைத்துவிடுவார்கள். "உடம்புச் சூடு" என்பாள் அத்தை. "ரத்தம் கெட்டுப் போச்சு" என்பார் மாமனார். "பூச்சிக் கடியா இருக்கும்" என்பாள் பக்கத்து வீட்டம்மா. யாராவது ஒருத்தர் குரலைத் தாழ்த்தி, "அந்தப் பெரிய வியாதியா இருக்குமோ?" என்று சொல்லிவிட்டால், அன்று ராத்திரி அந்த வீட்டில் யாருக்கும் தூக்கம் கிடையாது.

குன்றத்தூரில் என்னிடம் வரும் பெண்களில் பலர் ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் தொழிற்சாலைகளில் வேலை பார்க்கிறவர்கள். நாள் முழுக்கக் கெட்டித் துணியில் யூனிபாரம், காலில் ஷூ. இடுப்பிலும் தொடை இடுக்கிலும் மார்புக்குக் கீழும் வியர்வை தேங்கி நிற்கும். தங்குவது ஓர் அறையில் நாலைந்து பேர். துவாலை பொது. மழைக்காலத்தில் துணி காயவே காயாது. பூஞ்சைக் காளானுக்கு வேறென்ன வேண்டும்?

அப்படி வந்த ஒரு பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. கழுத்திலும் கன்னத்திலும் சிவந்த திட்டுகள். மருந்துக் கடையில், "அரிப்புக்கு ஏதாவது கொடுங்க" என்று வாங்கிய களிம்பை நாலு மாதமாகத் தடவியிருக்கிறாள். போட்டால் அடங்கும், விட்டால் இரண்டு பங்காகத் திரும்பி வரும். ஒருவர் கரப்பான் என்றாராம், இன்னொருவர் சொரியாசிஸ் என்றாராம். மாப்பிள்ளை வீட்டில் யாரோ குஷ்டம் என்றே பேச்சைக் கிளப்பிவிட, அவள் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். "டாக்டரம்மா, உண்மையைச் சொல்லுங்க. கல்யாணத்தை நிறுத்திடலாமா?"

நான் செய்தது பெரிய காரியமில்லை. திட்டின் ஓரத்தில் கொஞ்சம் செதிலைச் சுரண்டி, கண்ணாடித் தகட்டில் வைத்து, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு ஒரு சொட்டு விட்டு மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன். நூல் நூலாகக் காளான் தெரிந்தது. படர்தாமரைதான்! களிம்பை நிறுத்தி, சரியான மருந்து கொடுத்தோம். நிறுத்திய புதிதில் சிவப்பும் அரிப்பும் அதிகமாகும் என்று முன்கூட்டியே சொல்லிவைத்ததால் அவள் பயப்படவில்லை. கல்யாணமும் குறித்த தேதியில் நடந்தது.

ஏன் இத்தனை பேர் ஏமாந்தார்கள்? படர்தாமரையின் அடையாளமே அதன் வட்டம்தான். ஓரம் தடித்துச் செதிலாக இருக்கும், நடுவில் தோல் தெளிந்திருக்கும், அரிப்பு பிடுங்கும். ஸ்டீராய்டு கலந்த களிம்பைத் தடவினால் சிவப்பும் அரிப்பும் அடங்கி, வட்டமும் கலைந்துவிடும். காளானோ சாகாது, எதிர்ப்பு குறைந்ததால் உள்ளே சௌகரியமாகப் பரவும். இதை 1968-லேயே ஐவ், மார்க்ஸ் என்ற இரண்டு டாக்டர்கள் எழுதி, மாறுவேஷப் படர்தாமரை என்ற பொருளில் 'டீனியா இன்காக்னிட்டோ' என்று பெயர் வைத்தார்கள். இந்தக் களிம்பை நெடுநாள் தடவினால் தோல் மெலிந்து, தொடையில் பிரசவத் தழும்பு மாதிரி வரிகள் விழும். அவை மறைவதில்லை.

அதனால்தான் 2018-ல் மத்திய அரசு, 14 வகை ஸ்டீராய்டு தோல் மருந்துகளை டாக்டர் சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்று உத்தரவிட்டது. ஆனாலும் கேட்டால் கிடைத்துவிடுகிறது! இதற்கிடையில் வழக்கமான மாத்திரைக்கு மசியாத ஒரு காளானும் கிளம்பியிருக்கிறது. 2020-ல் அதற்கு வைத்த பெயரிலேயே நம் நாடு இருக்கிறது: டிரைக்கோஃபைட்டான் இண்டோடினியே. 2023-ல் நியூயார்க்கில் இரண்டு பெண்களுக்கு இது இருந்ததாக அமெரிக்காவில் அறிவித்தார்கள்.

மற்றவற்றை எப்படிப் பிரித்தறிவது? சொரியாசிஸ் முழங்கை, முழங்கால், தலையில் வெள்ளிப் பொடி போல் தடித்து உதிரும். மார்பிலும் முதுகிலும் லேசான செதிலோடு வெளுத்திருப்பது தேமல். அதுவும் ஒரு காளான்தான், ஒட்டாது. மருந்து போட்ட பிறகும் நிறம் திரும்பச் சில மாதங்கள் ஆகும். பால் போல் வெளுத்துச் செதிலே இல்லாதது வெண்புள்ளி. தொழுநோய்த் திட்டு பெரும்பாலும் அரிக்காது. தொட்டால் உணர்ச்சி குறைந்திருக்கும். அதுவேயானாலும் கலங்க வேண்டாம். அரசு ஆஸ்பத்திரிகளில் மருந்து இலவசம். வகைக்குத் தக்கபடி 6 மாதமோ 12 மாதமோ சாப்பிட்டால் குணமாகிவிடும். நமக்குப் பக்கத்தில் செங்கல்பட்டு திருமணியில் இதற்கென்றே மத்திய அரசின் நிலையமும் இருக்கிறது.

வீட்டில் செய்ய வேண்டியவை:

துவாலை, சோப்பு, உள்ளாடை ஆளுக்குத் தனியாக இருக்கட்டும். துணிகளை வெந்நீரில் துவைத்து, உட்புறம் வெளியே தெரியும்படி திருப்பி வெயிலில் காயப் போடுங்கள். வெயில் இல்லையென்றால் இஸ்திரி போடுங்கள். குளித்ததும் மடிப்புகளில் ஈரம் துடைத்த பிறகே உடுத்துங்கள். வீட்டில் வேறு யாருக்கும் இருந்தால் எல்லோரும் ஒரே சமயத்தில் வைத்தியம் செய்துகொள்ள வேண்டும். இல்லாவிட்டால் ஒருவரிடமிருந்து ஒருவருக்கு மாறி மாறி வந்துகொண்டேயிருக்கும். திட்டு மறைந்ததும் மருந்தை நிறுத்தாதீர்கள். டாக்டர் சொன்ன நாள்வரை தொடருங்கள். கர்ப்பிணிகளும் பால் கொடுக்கும் தாய்மார்களும் தாங்களாக மாத்திரை வாங்கிச் சாப்பிடக் கூடாது.

இன்னொன்று, டாக்டரிடம் போகும்போது இதுவரை தடவிய களிம்புகளையெல்லாம் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். திட்டுவார்களோ என்று மறைக்காதீர்கள். நீங்கள் சொல்லாமல் விட்ட அந்த ஒரு களிம்பில்தான் பாதி விடை இருக்கும்.