காதிடம் கேட்டுக்கொண்டு கடலில் இறங்கு

சென்ற இதழில் மழை நாட்களில் துணிகளில் ஈர வாடை அடிக்காமல் உலர்த்தும் முறைகளை எழுதியிருந்தேன். இந்த முறை கொஞ்சம் தூரமாகப் போய்க் கடலில் இறங்கப் போகிறோம். "ஆம்பூர்க்காரிக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்பீர்கள். நியாயம்தான். எங்கள் பாலாற்றில் தண்ணீர் ஓடுவதே அபூர்வம். 2021 நவம்பரில் வெள்ளம் வந்தபோது ஊரே கரையில் நின்று வேடிக்கை பார்த்தது. அப்படிப்பட்ட ஊரிலிருந்து என் பெரிய மகள் ஒரு வாரம் படகிலேயே தங்கி, கடலுக்குள் முக்குளித்துவிட்டு வரப் போகிறேன் என்று கிளம்பினால் எனக்கு எப்படி இருக்கும்?

அவள் பெங்களூரில் வேலை பார்க்கிறாள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் புதுச்சேரியில் ஸ்கூபா டைவிங் பயிற்சி முடித்துவிட்டாள். அதாவது முதுகில் காற்று சிலிண்டரைக் கட்டிக்கொண்டு, வாயில் வைத்த குழாய் வழியாக மூச்சு விட்டபடி நீருக்குள் நீந்துவது. 1943-ல் பிரான்ஸ் நாட்டில் கூஸ்டோ, காக்னான் என்ற இருவர் கண்டுபிடித்த கருவிதான் இதற்கு வழி செய்தது. இந்த வருஷம் தோழிகளோடு சேர்ந்து மாலத்தீவுக்கு ஏற்பாடு.

"ஓட்டல்ல தங்க மாட்டோம்மா. படகுலயே ரூம், படகுலயே சாப்பாடு. ஒரு நாளைக்கு மூணு தடவை இறங்குவோம். ராத்திரி அங்கேயே தூங்குவோம். படகு வேற வேற தீவுப் பக்கமா போயிட்டே இருக்கும்" என்றாள்.

எதிர் வீட்டு ஆபா கேட்டுவிட்டு, "பொம்பளப் புள்ளைய ஒரு வாரம் நடுக்கடல்ல விடுவியா?" என்றார். எனக்கு அந்தக் கவலை இல்லை. அவள் கெட்டிக்காரி. என் கவலை அவள் மேஜைமேல் வைத்திருந்த தாளைப் பார்த்த பிறகுதான் ஆரம்பித்தது.

அது படகுக்காரர்கள் கேட்கும் உடல்நலப் படிவம். ஆஸ்துமா உண்டா, வலிப்பு உண்டா, இருதயக் கோளாறு உண்டா, கர்ப்பமா என்று வரிசையாகக் கேள்விகள். நடுவில் ஒன்று: 'காதில் அறுவை சிகிச்சை நடந்திருக்கிறதா?' அதற்கு நேரே 'இல்லை' என்று டிக் அடித்திருந்தாள்.

எனக்கு அடிவயிற்றில் என்னவோ செய்தது.

சகோதரிகளே, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். அவள் கைக்குழந்தையாக இருந்தபோது, எல்லோரும் செய்வதைப் போல, வாரா வாரம் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டும்போது காதிலும் இரண்டு சொட்டு விடுவோம். இரவில் தூக்கக் கலக்கத்தில் படுக்க வைத்தபடியே புட்டிப்பால் கொடுப்பேன். மூன்று வயதில் சளி பிடித்து, ராத்திரி முழுக்க அழுதாள். மறுநாள் காதில் சீழ் வந்தது. சீழ் வந்ததும் வலி நின்றுவிட்டது. "வலி போயிடுச்சு, சரியாயிடும்" என்று நானும் விட்டுவிட்டேன். செவிப்பறையில் துளை விழுந்ததால்தான் வலி நின்றது என்று எனக்கு அப்போது தெரியாது. அதன்பிறகு சளி பிடிக்கும்போதெல்லாம் காது ஒழுகியது. பதினோரு வயதில் வேலூரில் ஆபரேஷன் செய்து, காதுக்கு மேலே தலையின் பக்கத்திலிருந்து எடுத்த மெல்லிய ஜவ்வை ஒட்டுப் போட்டுத் துளையை மூடினார்கள்.

"ஏண்டி கண்ணு, பொய் எழுதியிருக்கே?" என்றேன்.

"ஆமான்னு போட்டா டாக்டர் கையெழுத்து கேப்பாங்கம்மா. வேணாம்னு சொல்லிட்டா கட்டின பணமும் போச்சு, லீவும் போச்சு. புதுச்சேரியிலயும் இப்படித்தான் எழுதினேன். இறங்கினேனே, ஒண்ணும் ஆகலியே!"

"இடது காது வலிச்சுதா?"

கொஞ்சம் தயங்கினாள். "கொஞ்சம் மெதுவா திறக்கும். எல்லாரும் போனப்புறம் நான் கடைசியா இறங்குவேன்."

அவ்வளவுதான், எனக்குத் தூக்கம் போயிற்று. 'பணம் போனா போகட்டும், டாக்டரைப் பாக்காம நீ போகக் கூடாது' என்று பிடிவாதமாக நின்றேன். மகள் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள், "சரி வாம்மா" என்றாள்.

வேலூரில் காது மூக்கு தொண்டை டாக்டர் எங்களை உட்கார வைத்து விளக்கினார். அவர் சொன்ன உதாரணம் எங்கள் ஊர்க்காரர்களுக்கு நன்றாகப் புரியும். ஏலகிரி மலைக்குப் பஸ்ஸில் போகும்போது பதினாலு கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி முடிப்பதற்குள் காது அடைக்கிறதல்லவா? எச்சில் விழுங்கினால் 'டப்'பென்று திறக்கும். தொண்டைக்கும் நடுக்காதுக்கும் இடையே உள்ள சின்னக் குழாய் திறந்து, உள்ளேயும் வெளியேயும் காற்றின் அழுத்தத்தைச் சமமாக்குகிறது. மலையேறும்போது அவ்வளவு தூரத்தில் மாறுகிற அழுத்தம், கடலில் ஒரு மீட்டர் இறங்குவதற்குள்ளேயே மாறிவிடும்! பத்து மீட்டர் போனால் அழுத்தம் இரண்டு மடங்கு, முப்பது மீட்டரில் நாலு மடங்கு. மேலே ஊதிக் கட்டிய பலூனைப் பத்து மீட்டர் ஆழத்துக்குக் கொண்டு போனால் பாதியாகச் சுருங்கும். அதே சுருக்கம்தான் நடுக்காதில் உள்ள காற்றுக்கும். செவிப்பறை உள்பக்கமாக இழுபடும். சமன் செய்யாமல் மேலும் இறங்கினால் வலி, ரத்தக் கசிவு, கடைசியில் ஜவ்வு கிழியும். கிழிந்தால் குளிர்ந்த நீர் உள்ளே போய்த் தலை சுற்றும். நீருக்கடியில் மேல் எது, கீழ் எது என்று தெரியாமல் போனால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

காது கேட்கும் பரிசோதனையும், ஜவ்வு அசைகிறதா என்ற அழுத்தப் பரிசோதனையும் செய்தார். மூக்கைப் பிடித்து, வாயை மூடி, மெள்ள ஊதச் சொல்லிக் கருவி வைத்துப் பார்த்தார். "ஒட்டு நல்லா பிடிச்சிருக்கும்மா. ஜவ்வு அசையுது. இடது பக்கக் குழாய் மட்டும் கொஞ்சம் சோம்பேறி. போகலாம், ஆனா மூணு நிபந்தனை" என்றார். தலை முதலில் போகாமல், கால் முதலில், கயிற்றைப் பிடித்து மெதுவாக இறங்க வேண்டும். வலி வருவதற்கு முன்பே, ஒவ்வொரு மீட்டருக்கும் சமன் செய்ய வேண்டும். திறக்காவிட்டால் பலமாக ஊதாமல் மேலே வந்துவிட வேண்டும். சளி பிடித்தால் இறங்கவே கூடாது. மூக்கடைப்பு மாத்திரை போட்டுக்கொண்டும் இறங்கக் கூடாது, மருந்தின் வேகம் ஆழத்தில் இருக்கும்போது தீர்ந்தால் ஏறி வரும் வழியில் காது அடைத்துக்கொள்ளும். இதைச் சொல்லி 'ஆமாம்' என்று திருத்திய படிவத்தில் கையெழுத்துப் போட்டார்.

படகு புறப்பட்டது ஒரு செப்டம்பர் ஞாயிற்றுக்கிழமை. மாலத்தீவில் சுமார் 1,190 தீவுகளாம். பெரிய படகு தங்குவதற்கு. முக்குளிக்கப் போவதற்குக் கூடவே ஒரு சின்னப் படகு வரும். அதை அவர்கள் 'தோணி' என்கிறார்கள்! நம் சொல்லைக் கேட்டதும் எனக்குப் பாதிக் கடல் நம்முடையதாகிவிட்டது. விடிந்தும் விடியாமலும் மணி அடிப்பார்கள். டீ, பிஸ்கட். இன்று எங்கே இறங்குகிறோம், நீரோட்டம் எப்படி என்று வழிகாட்டி படம் போட்டுச் சொல்வார். இரண்டிரண்டு பேராகத்தான் இறங்க வேண்டும். 12 லிட்டர் சிலிண்டரில் சுமார் 2,400 லிட்டர் காற்றை அழுத்தி அடைத்திருப்பார்கள். அது முக்கால் மணியிலிருந்து ஒரு மணி வரை வரும். அந்த நாட்டுச் சட்டப்படி உல்லாசமாக முக்குளிப்பவர்கள் 30 மீட்டருக்குக் கீழே போகக் கூடாது. ஏறி வரும்போது ஐந்து மீட்டரில் மூன்று நிமிஷம் நின்றுவிட்டு வர வேண்டும். ஆழத்தில் ரத்தத்தில் கரைந்த நைட்ரஜன் மெதுவாக வெளியேற வேண்டுமே! சோடா பாட்டிலைச் சட்டென்று திறந்தால் குமிழி பொங்குவதைப் போல, வேகமாக ஏறினால் உடம்புக்குள் குமிழி உண்டாகிவிடும்.

முதல் மூன்று நாளும் தீவுப் பக்கம் வந்து போன் கிடைக்கும்போதெல்லாம் கூப்பிட்டாள். ஆமை பார்த்தாளாம், சாதுவான சுறா பார்த்தாளாம். நீருக்குள் கட்டை விரலை உயர்த்தினால் 'நன்று' என்று அர்த்தமில்லை, 'மேலே போவோம்' என்று அர்த்தமாம். உள்ளங்கையை விரித்து ஆட்டிவிட்டுக் காதைத் தொட்டால் 'காதில் தொந்தரவு.'

நாலாம் நாள் குரல் கம்மியிருந்தது. ஏ.சி. அறையில் படுத்துச் சளி.

"இன்னிக்கு எல்லாரும் போறாங்கம்மா. ஒரு மாத்திரை போட்டா போயிடலாம்னு ஒருத்தி தர்றா."

நான் என்ன சொல்ல? எவ்வளவோ தூரத்தில் இருக்கிறாள். இங்கிருந்து கையைப் பிடிக்க முடியுமா? "டாக்டர் சொன்னது உனக்குத் தெரியும் கண்ணு. நீயே முடிவு பண்ணு" என்று மட்டும் சொன்னேன். போனை வைத்துவிட்டு அரிசி களைந்தேன். எத்தனை தண்ணீர் ஊற்றினேன் என்று நினைவில்லை.

சாயங்காலம் செய்தி வந்தது: 'இறங்கலம்மா. மேல் தட்டுல உக்காந்து கடலப் பாத்துட்டிருக்கேன். அழுகையா வருது.' எனக்கும் அழுகை வந்தது. ஆனால் வேறு மாதிரி அழுகை.

ஐந்தாம் நாளும் அவள் இறங்கவில்லை. ஆறாம் நாள் படகு பா அட்டோல் என்ற தீவுக்கூட்டத்தில் ஹனிஃபாரு விரிகுடாவுக்குப் போனது. 2011-ல் யுனெஸ்கோ உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்த பகுதி அது. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் நுண்ணுயிர்களைத் தின்ன மாண்டா திருக்கைகள் கூட்டமாக வருமிடம். அங்கே சிலிண்டருடன் யாருமே இறங்கக் கூடாதென்று விதி! எல்லோரும் முகமூடியும் மூச்சுக் குழாயுமாக மேலே மிதந்துதான் பார்க்க வேண்டும். மிதப்பதற்குக் காது தடையில்லை. அன்றைக்கு என் மகளும் மற்றவர்களும் ஒன்று. "போர்வைய விரிச்ச மாதிரி அடியில போகுதும்மா, ஒண்ணு பின்னால ஒண்ணா" என்றாள். ஏழாம் நாள் யாரும் இறங்கவில்லை. கடைசியாக முக்குளித்த பிறகு குறைந்தது 18 மணி நேரம் கழித்தே விமானம் ஏறலாம்.

ஊருக்கு வந்ததும் காதை மறுபடி பரிசோதித்தோம். போகும்போது எப்படியோ, அப்படியே இருக்கிறது. இறங்காமல் விட்ட நாட்களுக்குப் பணம் திரும்பக் கிடைக்கவில்லை. போகட்டும்.

நம் தமிழ்நாட்டிலேயே சிலிண்டர் இல்லாமல் முக்குளிக்கும் பெண்கள் இருக்கிறார்கள். ராமேஸ்வரம், பாம்பன் பக்கத்தில் மூச்சை அடக்கிக் கடலுக்கடியில் போய்ப் பாசி பறிக்கிறார்கள். விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, மரிக்கொழுந்துப் பாசியைப் பாறையிலிருந்து கிள்ளி எடுக்கிறார்கள். அவர்களில் சின்னப்பாலத்தைச் சேர்ந்த லட்சுமி என்பவருக்கு 2015-ல் சீகாலஜி என்ற உலகச் சுற்றுச்சூழல் விருது கிடைத்தது. பாசி அழியாமலிருக்க மாதத்தில் இத்தனை நாள்தான் பறிப்பது என்று தங்களுக்குத் தாங்களே கட்டுப்பாடு வைத்துக்கொண்டவர்கள் அவர்கள். கடலுக்குப் போகிறவர்களுக்கு 'போதும்' என்று சொல்லத் தெரிய வேண்டும் போலிருக்கிறது.

இனி, குறித்து வைத்துக்கொள்ள:

கைக்குழந்தை உள்ளவர்களுக்கு: காதில் எண்ணெய், மூலிகைச் சாறு, தாய்ப்பால் எதுவும் விடாதீர்கள். குழந்தைக்குத் தொண்டைக்கும் காதுக்கும் உள்ள குழாய் குட்டையாக, படுக்கை வாட்டத்தில் இருக்கும். அதனால் தலையைச் சற்று உயர்த்தியே பால் கொடுங்கள். முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் கொடுத்தால் காதில் சீழ் வருவது குறையும். வீட்டில் சிகரெட் புகை கூடாது. நிமோகோக்கல் தடுப்பூசி 2021 முதல் நாடு முழுவதும் அரசுத் திட்டத்தில் இலவசம், தவறாமல் போடுங்கள். காது ஒழுகினால் வலி நின்றுவிட்டதே என்று இருக்காமல் டாக்டரிடம் போங்கள். பட்ஸ், ஹேர்பின் வேண்டவே வேண்டாம்.

பெரிய பெண்கள் முக்குளிக்கப் போனால்: கர்ப்பமாக இருந்தாலோ, இருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தாலோ இறங்கவே கூடாது. மாதவிலக்கு நாளில் உடம்பு நன்றாக இருந்தால் தடையில்லை. நீருக்குள் எப்போதும் மூச்சை அடக்கக் கூடாது. சீராக விட்டு வாங்க வேண்டும். முக்குளிப்பு விபத்துக்கும் சேர்த்து இன்ஷூரன்ஸ் எடுக்க வேண்டும். படிவத்தில் உண்மையை எழுத வேண்டும். அந்தத் தாள் அவர்களுக்காக அல்ல, நமக்காக.

மகள் அடுத்த வருஷம் அந்தமான் போகலாமா என்று இப்போதே கேட்கிறாள். "முதல்ல காதைக் கேளு, அப்புறம் என்னைக் கேளு" என்றேன். சிரித்துக்கொண்டே, "நீயும் வாயேன்மா, படகுல உக்காந்து பாரு" என்றாள். பாலாற்றங்கரைக்காரிக்கு ஆசை விட்டதா என்ன? யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

அடுத்த இதழில் சந்திப்போம்.